வீட்டு ஷெட்டில் கார் கட்ட நினைக்கிறவர்களுக்கு: ஆம்னியில் இருந்து இரண்டு சீட்டர் வரை

நம்பர் பிளேட் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். யாரிடம் பேச்செடுத்தாலும் "மக்கா, இதுக்கு நம்பர் கிடைக்குமா?" என்றுதான் கேட்கிறார்கள். கிடைக்காது. நம் குமரி மாவட்டத்தில் நாகர்கோவில் டிஎன் 74 ஆனாலும் மார்த்தாண்டம் டிஎன் 75 ஆனாலும் பதில் ஒன்றுதான். ஒரு வண்டி இங்கே ரோட்டுக்கு வரவேண்டுமானால் 1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 126-ஆவது விதிப்படி அதன் மாதிரி வண்டி புனே ஏஆர்ஏஐ போன்ற சோதனை நிலையம் ஒன்றில் தேறியிருக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் வண்டி விற்கிற கம்பெனிக்காக வைத்த சோதனை அது. ஒரே ஒரு வண்டி கட்டுகிற ஆளுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

இங்கிலாந்தில் கதை வேறு. 1957-ல் லோட்டஸ் கம்பெனியின் காலின் சாப்மன் செவன் என்ற திறந்த இரண்டு சீட் காரைக் கொண்டுவந்த காலத்தில், பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் கார் மேல் போடும் வரி மிச்சமாகும், அதனாலேயே பல பேர் ஷெட்டில் கார் பூட்டினார்கள். 1973-ல் அந்த மாடலின் உரிமை கேட்டர்ஹாம் கம்பெனி கைக்குப் போனது, இன்றும் அதே உருவத்தில் விற்கிறார்கள். வீட்டில் கட்டிய ஒற்றை வண்டியைச் சோதித்துப் பதிவு செய்ய அங்கே அரசாங்கமே ஒரு வழி வைத்திருக்கிறது. நமக்கு அது இல்லை. இணையத்தில் வெள்ளைக்காரர் வீடியோவைப் பார்த்துவிட்டு இறங்குகிறவர்கள் இந்த ஒரு வித்தியாசத்தைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

"அப்ப பாகம் எடுத்த பழைய ஆம்னி ஆர்சியை வச்சே ஓட்டலாமே" என்று ஒரு யோசனை எல்லோருக்கும் வரும். வேண்டாம். கம்பெனி கொடுத்த வடிவத்தில் இருந்து மாறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவில் மாட்டும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதியாகச் சொல்லிவிட்டது. மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று 2019 திருத்தத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆகவே நாம் கட்டப்போவது சொந்தத் தோப்பிலும் ரேஸ் டிராக்கிலும் மட்டும் ஓடும் வண்டி. பொது இடம் என்று சட்டம் சொல்வது தார் ரோட்டை மட்டுமல்ல, பொதுமக்கள் உரிமையோடு வந்து போகிற எந்த இடமும் அதில் அடங்கும். சொத்தவிளை கடற்கரை மணல், கோயில் மைதானம், வற்றிப்போன குளம், சானல் கரை எல்லாமே பொது இடம்தான். பதிவில்லாத வண்டியை அங்கே எடுத்தால் முதல் தடவையே 5,000 ரூபாய் வரை போகும். அதைவிடப் பெரிய தலைவலி, யாருக்காவது அடிபட்டால் இன்சூரன்ஸ் இல்லாமல் மொத்த நஷ்டஈடும் உங்கள் தலையில் விழும். டிராக் என்றால் நமக்குப் பக்கம் கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே. அந்தப் பெயருக்குரிய எஸ். கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்தே ஒற்றை சீட் ரேஸ் கார்களைக் கட்டியவர். ஃபார்முலா ஒன் வரை போன நரேன் கார்த்திகேயன் முதலில் ஓட்டியது அந்த ஃபார்முலா மாருதி வகையில்தான். நம் ஊர் மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுகிற எஞ்சினில் என்ன செய்ய முடியும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

இவ்வளவும் படித்த பிறகும் ஆசை போகவில்லை என்றால் மேலே படியுங்கள்.

எந்த வண்டியை உரிப்பது

வெளிநாட்டில் கிட் என்பது பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். நமக்குக் கிட் என்றால் ஒரு நல்ல டிராயிங், ஒரு கட்டு ஸ்கொயர் ட்யூப், அப்புறம் பாகங்களுக்காக உரிக்க ஒரு பழைய வண்டி. அந்த உரிக்கிற வண்டியைத்தான் டோனர் என்கிறார்கள்.

என் ஓட்டு மாருதி ஆம்னிக்கு. 796 சிசி, மூன்று சிலிண்டர், 800-ல் இருக்கும் அதே குடும்பத்து எஞ்சின்தான். ஆனால் 800-ல் எஞ்சின் குறுக்கே உட்கார்ந்து முன்சக்கரத்தை இழுக்கிறது. ஆம்னியில் நீளவாக்கில் படுத்து, கியர்பாக்ஸ், புரொப்பல்லர் ஷாஃப்ட், பின் ஹவுசிங் (பின் அச்சு) என்று வரிசையாகப் போய்ப் பின்சக்கரத்தைத் தள்ளுகிறது. நீண்ட மூக்கு, பின்னால் இரண்டு சீட் என்ற செவன் மாதிரி வண்டிக்கு இதுதான் வேண்டும், எல்லாம் ஒரே வேனில் கிடைத்துவிடுகிறது. பவர் நாற்பது குதிரைசக்திக்கும் கீழேதான். ஆம்னி கிட்டத்தட்ட 800 கிலோ, நாம் கட்டுவது 500 கிலோவுக்குள் நிற்குமானால் தோப்பு வழியில் அது போதும் போதும் என்றாகிவிடும். 2019 வரை வந்த வண்டி என்பதால் பாகத்துக்கும் பஞ்சமில்லை.

800-தான் கையில் இருக்கிறது என்றாலும் வழி உண்டு. அதன் முன்பகுதியை எஞ்சின், கியர்பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட், ஸ்ட்ரட்டோடு அப்படியே எடுத்து டிரைவர் முதுகுக்குப் பின்னால் வைத்து, ஸ்டியரிங் ஆர்ம்களை அசையாத கம்பியால் சேசிஸோடு பூட்டிவிட்டால் பக்கி வகை வண்டி கிடைக்கும். கியரை கேபிளில் இழுப்பதும் ரேடியேட்டர் தண்ணீரை முன்னால் கொண்டுபோவதும் அதில் வேலை. இங்கே ஆம்னியோடு நிற்கிறேன்.

வாங்கும்போது நம் கடலோரம் ஒரு வரம். குளச்சல், முட்டம் பக்கம் மீன் பெட்டி ஏற்றி ஓடிய ஆம்னிகள் தரையெல்லாம் உப்பில் அரித்து ஓட்டையாகி, எஞ்சின் மட்டும் கல்லு மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். பாடி போன வண்டிக்கு விலை கிடையாது, நமக்கோ பாடியே வேண்டாம். பார்க்க வேண்டியது மூன்று சிலிண்டரிலும் கம்ப்ரஷன் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதா, கியர் நழுவுகிறதா, பின் ஹவுசிங் முனகுகிறதா என்பது. பிரேக் பைப்பை எப்படியும் தூக்கிப் போடப்போகிறோம். புதியவர்கள் கார்புரேட்டர் மாடலையே தேடுங்கள். கம்ப்யூட்டர் பெட்ரோல் தெளிக்கும் எம்பிஎஃப்ஐ மாடல் என்றால் அந்தக் கம்ப்யூட்டர், சென்சார், முழு ஒயரிங் எல்லாம் உயிரோடு கூட வரவேண்டும்.

ஆர்சி விற்றவர் பெயரில் இருக்கிறதா, பேங்க் கடன் பதிவு நீங்கியிருக்கிறதா, எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து உங்கள் பெயருக்கு மாற்றிய பிறகே உரியுங்கள். உரித்ததும் 14 நாளுக்குள் ஆர்டிஓவில் எழுதிக் கொடுத்து ஆர்சியை ரத்து செய்யச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு சொல்கிறது. ஆக்கர் (பழைய இரும்பு) கடையில் சேசிஸைத் தூக்கிப் போடும் முன் அங்கே என்ன கேட்கிறார்கள் என்று விசாரித்துவிடுங்கள், சேசிஸ் நம்பர் இருக்கும் தகட்டையே கொண்டுவரச் சொல்லலாம். இதைச் சோம்பலில் விட்டால் இல்லாத வண்டிக்கு நோட்டீஸ் வரும்.

கழற்றும் முன் ஓட்டிப் பாருங்கள். எஞ்சின் எத்தனை டிகிரி சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது, ஷாஃப்ட் எந்தச் சாய்வில் போகிறது என்பதை அளந்து எழுதி வையுங்கள். நாம் கட்டும் புது சேசிஸ் சட்டத்திலும் எஞ்சின் அதே சாய்வில் உட்கார வேண்டும், இல்லையென்றால் ஆயில் பம்பும் கார்புரேட்டரும் முரண்டு பிடிக்கும். ஒயரிங்கை எங்கேயும் வெட்டாதீர்கள், ஒவ்வொரு கனெக்டரிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பெயர் எழுதி முழுசாக உருவுங்கள். நட்டு போல்ட்டுக்கு ஹார்லிக்ஸ் பாட்டில், ஒரு பகுதிக்கு ஒரு பாட்டில். எல்லாவற்றையும் ஒரே வாளியில் போட்டால் பின்னால் பிரிக்கவே முடியாது.

ஷெட்டும் மழையும்

இருபதுக்குப் பன்னிரண்டு அடி இருந்தால் கட்டிவிடலாம். போர்ட்டிகோ ஆகாது, சாரல் அடிக்கும். குலசேகரம், அருமனை பக்கம் பல வீட்டில் ரப்பர் ஷீட் அடிக்கிற ஷெட் சும்மா கிடக்கும், நல்ல இடம்தான். ஆனால் பால் உறையவைக்கும் ஃபார்மிக் ஆசிட் கேன் அங்கே இருந்தால் முதலில் வெளியேற்றுங்கள், அந்தக் காற்றுப்பட்டால் மொட்டை இரும்பு ஒரே வாரத்தில் செம்மண் நிறமாகிவிடும்.

நமக்கு வருஷத்துக்கு இரண்டு மழை. இடவப்பாதியும் ஐப்பசி மழையும் சேர்ந்து பாதி வருஷத்தைத் தின்றுவிடும், கடலோரத்தில் மழை இல்லாத நாளிலும் காற்றில் உப்பு. சாயங்காலம் பளபளவென்று தேய்த்து வைத்த குழாய் காலையில் பார்த்தால் துரு பூத்திருக்கும். எனவே தேய்த்த அன்றே தின்னரால் துடைத்து எபாக்ஸி பிரைமர் அடித்துவிட வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே கிடையாது. எஞ்சின் ஓவர்ஹால், பாகம் சுத்தம் செய்வது, ஒயரிங் இதெல்லாம் மழைக்கால வேலை. பைபரையும் பெயின்டையும் தை முதல் பங்குனிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

வெல்டிங் மெஷினுக்குக் கரண்டைத் தானாகத் துண்டிக்கும் எம்சிபி, ஆர்சிசிபி போட்டுத் தனி லைன் இழுத்து எர்த்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். தீயணைக்க ஒரு ஏபிசி பவுடர் சிலிண்டர் கதவுப் பக்கம் தொங்கட்டும். பெட்ரோல் டேங்கும் தீப்பொறியும் ஒரே கூரையின் கீழ் இருக்கக்கூடாது.

வெல்டிங் யார் செய்வது

நீங்களே செய்யலாம், ஆனால் கற்றுக்கொண்டுதான். கேட், கிரில் செய்கிற பட்டறையில் சனி ஞாயிறு கூடமாட நின்றால் கை பழகும், முறையாகப் படிக்க நாகர்கோவில் கோணத்தில் அரசு ஐடிஐ இருக்கிறது. 1.6 மில்லி சுவருள்ள ட்யூபில் ஆர்க் குச்சி வைத்தால் பழகாத கைக்கு ஓட்டை விழும். 0.8 மில்லி ஒயர் ஓடும் மிக் வெல்டிங் மெஷின் வாடகைக்கு எடுப்பது நல்லது.

கிரில் பட்டறைக்காரரைக் கூலிக்கு அழைத்தால் ஒன்றை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். கேட்டுக்கு வெல்டிங் வைத்ததும் அவர் கை தானாக கிரைண்டருக்குப் போகும், பற்று மேலே தெரியாமல் வழித்து, பட்டி தடவி, பெயின்ட் அடித்தால்தான் அவர் தொழிலில் அழகு. கார் சேசிஸில் அந்தப் பற்றுதான் பலம். அதை வழித்தால் ஜாயின்ட் பாதியாக மெலிந்துபோகும், பட்டிக்குக் கீழே விரிசல் இருந்தாலும் தெரியாது. "அண்ணே, அசிங்கமா இருந்தாலும் பரவாயில்லை, தேய்க்காதீங்க" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள், திரும்பவும் சொல்ல வேண்டியிருக்கும்.

தண்ணீர் பைப்பாக விற்கும் ஜிஐ குழாயை மிச்சம் பிடிக்க நினைத்து எடுக்காதீர்கள். துத்தநாகப் புகை உள்ளே போனால் அன்று ராத்திரியே குளிர்காய்ச்சல் மாதிரி நடுங்கும், பற்றும் நிற்காது.

சேசிஸ் சட்டம்: இங்கேதான் வண்டி பிறக்கிறது

வெல்டிங்கைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், வண்டியைக் கெடுப்பது பெரும்பாலும் அளவுதான். பின்சக்கரம் முன்சக்கரத்துக்கு நேராக இல்லாத வண்டியை எத்தனை ஆயிரம் செலவழித்தாலும் நேராக ஓட்ட முடியாது. கட்டி முடித்த பிறகு அதைத் திருத்தவும் முடியாது.

குழாய் 25க்கு 25, சுவர் 1.6 மில்லி. இதுதான் வெளிநாட்டு வீட்டுக் கார்களிலும் வழக்கமான அளவு. ஆறு மீட்டர் நீளம் ஏறக்குறைய ஏழு கிலோ வரும், பத்து நீளம் போட்டாலும் சட்டம் 70 கிலோவில் நிற்கும். கடைக்காரர் "இரண்டு மில்லி போடுங்க, ஸ்டிராங்கா இருக்கும்" என்பார். பலம் சுவரில் இல்லை, முக்கோணத்தில் இருக்கிறது. நாலு குழாய்ச் சட்டத்தைத் தள்ளினால் சாயும், மூலைக்கு மூலை ஒரு குழாய் போட்டால் அசையாது. பக்கவாட்டில், தரையில், எஞ்சினைச் சுற்றி எங்கெல்லாம் நாற்கோணம் இருக்கிறதோ அங்கெல்லாம் குறுக்குக் குழாய் அல்லது தகடு வரவேண்டும்.

வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கும் ரோல் பாருக்கு இந்த ட்யூப் ஆகாது. பொறியியல் மாணவர்கள் கட்டும் பாஹா வண்டிகளின் கூண்டுக்கு 25 மில்லி வெளிவிட்டம், 3 மில்லி சுவர், 0.18 சதவீதமாவது கார்பன் உள்ள உருண்டைக் குழாய் என்று விதி. அதையே பிடித்துக்கொள்ளுங்கள், வளைப்பது மட்டும் மெஷினில். மண் நிரப்பிச் சூடாக்கி வளைத்த குழாய் தலைக்கு மேல் இருக்கக்கூடாது.

டிராயிங்கில் முதல் அளவு நீங்கள்தான். ஓட்டப்போகிற ஆள் ஒரு பலகையில் உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கால் நீட்டட்டும். குதிகாலில் இருந்து இடுப்பு, இடுப்பில் இருந்து தோள், முழங்கை அகலம், ஹெல்மெட் உச்சி. இந்த அளவைச் சுற்றித்தான் சட்டம். வீல்பேஸ் (முன் பின் சக்கர இடைவெளி) 2,250 மில்லி சுற்றி வைத்தால் ஆம்னி எஞ்சின், கியர்பாக்ஸ், இரண்டு பேர், பின் ஹவுசிங் எல்லாம் அடங்கும். எஞ்சினை எவ்வளவு பின்னால் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள்.

19 மில்லி பிளைவுட்டைக் கால் மேல் போட்டு மேசை செய்து, கொத்தனார் ட்யூபில் தண்ணீர் விட்டு நாலு மூலையும் மட்டம் பார்த்து, ஆப்பு வைத்து அசையாமல் நிறுத்துங்கள். ரசமட்டம் சிறிய தூரத்துக்குத்தான் சரி, நீளத்துக்குத் தண்ணீர்தான் பொய் சொல்லாது. பலகையின் நடுவில் ஒரு கோடு, அதுதான் வண்டியின் முதுகெலும்பு, எல்லா அளவும் அந்தக் கோட்டில் இருந்து இடமும் வலமும். அடிச்சட்டத்தைப் படம் வரைந்தது போலப் பலகை மேலேயே கிடத்தி, மரக்கட்டை ஆணியடித்துப் பிடித்து, டாக் (சின்னப் புள்ளி வெல்டிங்) மட்டும் வையுங்கள். மூலைக்கு மூலை டேப் பிடித்துப் பாருங்கள், இரண்டு குறுக்களவும் 2 மில்லிக்குள் ஒத்துவர வேண்டும். ஒத்துவரவில்லையா, டாக்கை வெட்டித் திருப்பி வையுங்கள். இந்த இடத்தில் ஒரு நாள் போனால் போகட்டும்.

மேல்சட்டம், எஞ்சின் மவுண்ட், சீட், பெடல், சஸ்பென்ஷன் பிராக்கெட் வரை எல்லாமே டாக்கில் நிற்கட்டும். எஞ்சினைத் தூக்கி வைத்துப் பார்த்து, ஆள் உட்கார்ந்து பார்த்து, ஆயில் ஃபில்டரைக் கழற்றக் கை போகிறதா என்று பார்த்து, ஸ்டியரிங் ஷாஃப்ட் மேனிஃபோல்டில் உரசுகிறதா என்று பார்த்து, அதற்கு அப்புறம்தான் முழு வெல்டிங். அப்போதும் ஒரே இடத்தில் தொடர்ந்து வைக்காமல் முன் இடது, பின் வலது என்று மாற்றி மாற்றிப் போங்கள், சூடு ஒரு பக்கம் இழுத்தால் இவ்வளவு அளந்ததும் வீண்.

சக்கரம், ஸ்டியரிங், பிரேக்

பின்னால் ஆம்னியின் பிளேட் செட்டையே (லீஃப் ஸ்பிரிங்) வைத்துக்கொள்ளலாம். ஒரு வேன் நிறையச் சரக்கைத் தாங்க வடித்தது என்பதால் நம் வண்டிக்கு முரட்டுத்தனமாக இருக்கும், ஒரு லீஃபைக் கழற்றிப் பாருங்கள். ஷேக்கில் போல்ட்டை வண்டி தரையில் முழு எடையோடு நிற்கும்போதுதான் முறுக்க வேண்டும், ஜாக்கியில் தூக்கி வைத்து முறுக்கினால் புஷ் சீக்கிரம் கிழியும்.

முன்னால் ஆம்னியின் ஸ்ட்ரட் தாழ்ந்த மூக்குக்குள் அடங்காது. மேலும் கீழும் விஷ்போன் (சக்கரத்தைப் பிடிக்கும் வி வடிவக் கை) செய்து, காயில் ஸ்பிரிங்கோடு ஷாக் மாட்டவேண்டும். லேத்தில் புஷ் குழாய் கடைந்து வாங்கி, பலகையில் அளவு மாறாமல் பிடிக்கும் ஒரு ஜிக் அடித்து, நாலையும் அதே ஜிக்கில் செய்யுங்கள், இடதும் வலதும் இரட்டைப் பிள்ளை மாதிரி இருக்கும். ஸ்டியரிங் ராக்கின் உயரம் இங்கே முக்கியம். ராக்கின் உள்முனை மூட்டு, விஷ்போன்களின் உள்மூட்டுக் கோட்டில் வராவிட்டால் சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் வண்டி தானாகத் திரும்பும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைக் கையால் மேலும் கீழும் தூக்கி, டிஸ்க்கில் கட்டிய நேர்கோல் எவ்வளவு திரும்புகிறது என்று சுவரில் குறித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஸ்டியரிங் ஷாஃப்டை வெட்டி ஒட்டாதீர்கள். வேறு நீளம் வேண்டுமானால் ஸ்ப்லைன் உள்ள ஜாயின்ட் போட்டு, போல்ட்டில் பூட்டுங்கள்.

பிரேக் பெடல் பிராக்கெட்டில் கஞ்சத்தனம் கூடாது. பயத்தில் மிதிக்கிற கால் சாதாரணமாக மிதிக்கிற கால் இல்லை. மாணவர் ஃபார்முலா வண்டிகளின் பெடல் 2,000 நியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ தாங்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. பைப் எல்லாம் புது ஸ்டீல் பைப், முனையை இரட்டை மடிப்பாக விரித்த டபுள் ஃபிளேர், ஒவ்வொரு ஜாணுக்கும் ஒரு கிளிப். சாதாரணச் செம்புக் குழாய் அதிர்வில் இறுகி வெடிக்கும். ஆம்னியின் பின் டிரம் பாரம் ஏற்றிய வேனுக்கு ஏற்ப இருப்பதால் லேசான நம் வண்டியில் பின்சக்கரம் முதலில் சுற்றாமல் கட்டிக்கொள்ளப் பார்க்கும், வண்டி சுற்றும். பின் லைனில் அழுத்தத்தைக் குறைக்கும் ஒரு புரொப்போர்ஷனிங் வால்வு போட்டு, ஈரத் தரையில் மெதுவாக ஓட்டி மிதித்து, முன்சக்கரம் முதலில் கட்டும்வரை திருகிக் குறையுங்கள்.

எஞ்சினும் ஷாஃப்டும்

எஞ்சினை ஏற்றும் முன் டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கிளட்ச் பிளேட் மூன்றையும் மாற்றிவிடுங்கள், ஏற்றிய பிறகு கை போகாது. கியர் லீவரின் இடம் மாறுவதால் லிங்க் புதிதாகச் செய்ய வேண்டிவரும், அதில் ஆட்டம் இல்லாமல் செய்வதுதான் சூட்சுமம்.

புரொப்பல்லர் ஷாஃப்ட் நீளம் மாறும். லேத்தில் வெட்டி ஒட்டும்போது இரண்டு முனை யோக்கும் (கவை போன்ற மூட்டு) ஒரே நேரில் இருக்க வேண்டும், கொஞ்சம் திரும்பி ஒட்டினாலும் வேகத்தில் வண்டியே உதறும். ஒட்டியதும் பேலன்ஸ் பார்க்காமல் மாட்டாதீர்கள். இந்த ஷாஃப்ட் உங்கள் இடுப்புக்குப் பக்கத்தில், நடு டனலுக்குள் சுற்றப்போகிறது. முன்பக்க கிராஸ் ஜாயின்ட் உடைந்தால் அது சாட்டை மாதிரி சுழலும். முன்முனைக்குப் பக்கத்தில் ஐந்து மில்லி பட்டையில் முழு வளையம் ஒன்றைச் சட்டத்தோடு வெல்ட் செய்யுங்கள். இதைத் தவிர்த்த வண்டியில் நான் ஏறமாட்டேன்.

பெட்ரோல் டேங்க் பின்னால், டிரைவருக்கும் அதற்கும் இடையே முழுத் தகட்டுச் சுவர். பேட்டரிக்கு வெளியில் இருந்தும் எட்டுகிற, கரண்டைத் துண்டிக்கும் கில் சுவிட்ச். சீட் பெல்ட் ஆங்கர் சட்டத்தில், பைபரில் இல்லை.

பாடி: வள்ளக்காரரிடம் கேளுங்கள்

இங்கேதான் நம் மாவட்டத்துக்கு மற்ற ஊருக்கு இல்லாத வசதி இருக்கிறது. பைபர் வள்ளம் கட்டுகிறவர்களும் ஓட்டை அடைக்கிறவர்களும் கடற்கரை நெடுக இருக்கிறார்கள். அலையில் அடிபடும் வள்ளத்துக்கே வேலை செய்கிற கைக்கு ஒரு கார் மூக்கு பெரிய விஷயமில்லை. ரெசினுக்கு எத்தனை மூடி ஹார்டனர் என்பதைக் காற்றின் ஈரத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள், காய்ந்த தகட்டை ஒரு நாணயத்தால் தட்டி, சத்தம் மாறுகிற இடத்தில் உள்ளே காற்று நிற்கிறது என்று விரலால் வட்டம் போட்டுக் காட்டுவார்கள்.

பக்கத்துத் தகடுகளை அலுமினியத்தில் தட்டையாகவே வைத்து ரிவெட் அடியுங்கள். மூக்கும் நாலு மட்கார்டும் மட்டும் பைபர். உருவம் செதுக்க தெர்மாகோல் எடுத்தால் பாலியஸ்டர் ரெசின் நேராகப் பட்டதும் உருகி ஓடிவிடும், பிரவுன் டேப் முழுக்கச் சுற்றவேண்டும், இல்லாவிட்டால் களிமண்ணும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் மேல். வாக்ஸ் போட்டு, ஒட்டாமல் இருக்க பிவிஏ தடவி, மேல்பூச்சாக ஜெல்கோட், அதன்மேல் 450 கிராம் கண்ணாடி இழை மேட் இரண்டு மூன்று அடுக்கு, ரோலரால் காற்றை வெளியேற்றிக்கொண்டே போகவேண்டும். ஹார்டனர் நம் வெயிலுக்கு ஒரு சதவீதத்தை ஒட்டியே போதும்.

ஒரு எச்சரிக்கை, இது உயிர் விஷயம். ரெசினைச் சீக்கிரம் இறுக வைக்கும் கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேருக்கு நேர் கலந்தால் வெடித்துத் தீப்பிடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கி முடித்த பிறகே ஹார்டனர். ஏற்கனவே கோபால்ட் கலந்த ரெசினாகக் கேட்டு வாங்கினால் இந்தப் பயமே இல்லை. கண்ணாடி போடாமல் ஹார்டனர் பாட்டிலைத் திறக்காதீர்கள், கண்ணில் தெறித்தால் பார்வை போகும். மிஞ்சிய ரெசினை வாளியோடு மூலையில் வைக்காமல் மண்ணில் பரப்பிவிடுங்கள், குவியலாக இருந்தால் தானாகச் சூடேறிப் புகையும்.

முதல் ஓட்டம்

பாடி மாட்டும் முன்பே ஓட்டிப் பாருங்கள். பெயின்ட் அடித்த மூக்கை மாட்டிவிட்டால் அப்புறம் எதையும் கழற்ற மனசு வராது. சட்டம், சக்கரம், எஞ்சின், சீட், பெல்ட், ஹெல்மெட், இவ்வளவு போதும். தோப்பில் தென்னைக்குத் தென்னை இடைவெளி பெரிதாகத் தெரியும், வண்டியில் உட்கார்ந்தால் அப்படியில்லை, மரம் இல்லாத நேர்வழி ஒன்றைப் பாருங்கள். பிள்ளைகளையும் வேடிக்கை பார்க்க வந்தவர்களையும் வேலிக்கு அப்பால் நிறுத்துங்கள், கூட ஒரு ஆள் தீயணைப்பு சிலிண்டரோடு நிற்கட்டும்.

முதலில் பத்தடி போய் பிரேக். பிறகு ஐம்பதடி. அடுத்து முழு ஸ்டியரிங் இடம், வலம், டயர் எங்கேயும் உரசுகிறதா என்று. கால் மணி நேரம் ஓட விட்டு ரேடியேட்டர் ஃபேன் போடுகிறதா பாருங்கள், போடவில்லை என்றால் லைனில் காற்று நிற்கலாம், மூக்கைத் தூக்கி வைத்துத் தண்ணீர் விடுங்கள். நிறுத்தியதும் சூடு ஆறவிட்டு சஸ்பென்ஷன், ஸ்டியரிங், ஷாஃப்ட் போல்ட் எல்லாவற்றையும் மறுபடி ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். உள்ளே நைலான் வளையம் உள்ள ஒவ்வொரு நைலாக் நட்டிலும் முறுக்கிய பிறகு பெயின்டால் ஒரு கோடு இழுத்து வைத்திருந்தால், எது திரும்பியது என்று கண்ணால் பார்த்தே சொல்லலாம். இரண்டாவது ஓட்டத்துக்கு அப்புறமும் இதே வேலை. ஒரு முறை கழற்றிய நைலாக்கை மறுபடி போடாதீர்கள், புதுசு சில ரூபாய்தான்.

பணத்தைப் பற்றிச் சொல்லவில்லையே என்பீர்கள். இரும்பு விலை, ரெசின் விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது, டோனர் வண்டி வாங்கிய விலையைப் போல மூன்று மடங்கு கையில் இருந்தால் இறங்கலாம் என்பது என் கணக்கு. டயர், ஷாக், சீட் பெல்ட், பிரேக் பாகம் இந்த நாலில் மட்டும் பழையது வாங்காதீர்கள். மற்றது எல்லாம் ஆக்கர் கடையில் கிடைத்தாலும் சரி.

கோவைக்குக் கொண்டுபோகிறவர்கள் டிராக்கில் முன்கூட்டியே பேசி, என்னென்ன பாதுகாப்பு கேட்கிறார்கள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி குட்டியானை தொட்டிக்குள் அடங்காது, ரெக்கவரி வேன் பேசுங்கள், பெட்ரோலை வடித்து, கியரில் போட்டு, பெல்ட்டைச் சட்டத்தில் கட்டச் சொல்லுங்கள். விஷ்போனில் கட்டினால் திருநெல்வேலி தாண்டும் முன் வளைந்திருக்கும்.